மோசமான நாளிலும் செய்ய முடிவது எது?

வாசகர் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, அதன் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுதியவருக்கு வயது 47. கணக்குப் பிரிவில் வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். உயரம் 170 செ.மீ., எடை 84 கிலோ. மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.1. ஏழு மாதங்களுக்கு முன் ரத்த அழுத்தம் இரண்டு வெவ்வேறு நாட்களில் 150/96, 148/94 என்று இருந்ததால் மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். ஒன்றரை மாதத்தில் 126/80க்கு வந்திருக்கிறது. சரியாகிவிட்டது என்று அவராகவே நிறுத்திவிட்டார். நாளுக்குப் பத்தாக இருந்த சிகரெட்டை மூன்றாகக் குறைத்திருக்கிறார். அப்பாவுக்கு 54 வயதில் மாரடைப்பு வந்திருக்கிறது. இரவில் படுக்கவே பன்னிரண்டரை ஆகிவிடும், தூக்கம் ஐந்தரை மணி நேரம். மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

மூன்று வருடங்களில் நான்கு முறை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் புறப்பட்டிருக்கிறார். கடைசி முறை காலை 5 மணிக்கு எழுந்து ஒரு மணி நேர உடற்பயிற்சி, இரவு உணவு கிடையாது, சர்க்கரை அறவே கிடையாது. 11 வாரத்தில் 9 கிலோ இறங்கியது. அப்புறம் ஆண்டு இறுதிக் கணக்கு வேலை வந்தது, எல்லாம் நின்றது. எட்டு மாதத்தில் 11 கிலோ ஏறியது. “21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். நான் 21 நாளைத் தாண்டிவிடுகிறேன், ஆனாலும் பழக்கமாகவில்லை. எனக்கு மன உறுதியே இல்லையா? சின்னச் சின்ன மாற்றங்களால் நிஜமாகப் பலன் உண்டா, இல்லை அது மனதைத் தேற்றிக்கொள்ளும் பேச்சா?” என்று கேட்கிறார். மாத்திரை இல்லாமல் சமாளிக்க முடியுமா, நடையை எண்ணும் கைக்கடிகாரம் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். புதிதாக எதைத் தொடங்கினாலும் மனைவி “இது எத்தனை நாளைக்கு?” என்று சிரிப்பதாக ஒரு வரி வருகிறது. அது அவருக்கு வலிக்கிறது என்று தெரிகிறது.

அன்புள்ள நண்பருக்கு,

பதினோரு வாரம் விடியற்காலையில் எழுந்து, இரவில் பட்டினி கிடந்து, ஒன்பது கிலோ இறக்கியிருக்கிறீர்கள். உங்களுக்கு மன உறுதி இல்லை என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? எனக்குத் தெரிந்து பல மருத்துவர்களால்கூட அது முடியாது. என்னையும் சேர்த்துத்தான்.

கோளாறு திட்டத்தில் இருக்கிறது. உற்சாகம் உச்சத்தில் இருக்கிற ஒரு நாளில் உட்கார்ந்து திட்டம் போட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டரைக்குப் படுக்கிறவர் ஐந்து மணிக்கு எழ வேண்டும் என்றால் மீதி இருப்பது நாலரை மணி நேரத் தூக்கம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். இதை எத்தனை வாரம் உடம்பு பொறுத்துக்கொள்ளும்? அதோடு, ஆண்டு இறுதிக் கணக்கு வேலை திடீரென்று வந்த விபத்து இல்லை. வருடா வருடம் அதே மாதத்தில் வருகிறது. உங்கள் திட்டத்தில் அந்த மாதத்துக்கு இடமே இல்லை.

எடை திரும்ப ஏறியதற்கும் உங்கள் குணத்தைக் குறை சொல்லாதீர்கள். எடை வேகமாக இறங்கும்போது உடம்பு அதைப் பஞ்சம் என்றுதான் எடுத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் சுரப்புகள் கூடுகின்றன, சும்மா இருக்கும்போது எரிக்கும் ஆற்றல் குறைகிறது, கொழுப்போடு தசையும் கரைகிறது. பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் முன்பைவிட வேகமாக ஏறுவது இதனால்தான்.

அந்த 21 நாள் எங்கிருந்து வந்தது?

1960இல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் எழுதிய குறிப்பு அது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் புதிய முகத்துக்குப் பழக ‘குறைந்தது 21 நாள்’ ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். வாய்வழியாகப் பரவியதில் ‘குறைந்தது’ உதிர்ந்துபோய், முகமும் போய், எந்தப் பழக்கத்துக்கும் 21 நாள் என்று ஆகிவிட்டது.

உண்மையில் அளந்து பார்த்தவர்களும் உண்டு. லண்டனில் 96 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2010இல் அச்சில் வந்தது. ஒவ்வொருவரும் ஒரே ஒரு சின்னச் செயலைத் தேர்ந்தெடுத்து, தினமும் நடக்கும் ஏதோ ஒன்றோடு அதை முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். யோசிக்காமலே கை போகும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகும் என்று கணக்கு காட்டியது. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. இதில் உங்களுக்கு முக்கியமான செய்தி வேறு. இடையில் ஒரு நாள் தவறியவர்களுக்குப் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. ‘விடாமல்’ என்ற சொல்தான் உங்களைப் பாடாய்ப்படுத்தியிருக்கிறது. ஒரு நாள் விட்டதும் முழுவதும் போயிற்று என்று நினைத்துக்கொள்கிறீர்கள்.

சின்ன மாற்றத்துக்குப் பலன் உண்டா?

உண்டு. ஆனால் எந்த அளவுக்கு என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும்.

உங்கள் 6.1 என்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 5.7 முதல் 6.4 வரை அந்த வரம்பு, 6.5 தொட்டால் சர்க்கரை நோய். இப்படி எல்லைக்கோட்டில் நின்ற 3,234 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. ஒரு பிரிவினருக்குக் கொடுத்த இலக்கு, உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை போன்ற உழைப்பு. சுமார் மூன்று வருடத்தில், வெற்று மாத்திரையும் வழக்கமான அறிவுரையும் மட்டும் பெற்ற பிரிவைவிட இவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. சர்க்கரைக்கான மெட்பார்மின் மாத்திரை சாப்பிட்ட பிரிவில் 31 சதவீதம்.

உங்கள் 84 கிலோவில் 7 சதவீதம் என்றால் ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நீங்கள் ஒன்பது இறக்கினீர்கள். ஆறு இறக்கி, அங்கேயே நின்றிருந்தால் போதும். இந்த ஒரு கணக்கை உங்களுக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று கடிதத்தைப் படிக்கும்போது தோன்றியது.

இன்னொரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. அந்த ஆய்வில் இருந்தவர்களைத் தனியாக விட்டுவிடவில்லை. முதல் ஆறு மாதத்தில் 16 பாடங்கள், ஆளுக்கொரு வழிகாட்டி என்று துணை இருந்தது. நீங்கள் நான்கு முறையும் தனியாகப் போராடியிருக்கிறீர்கள். அதனால் உங்கள் மருத்துவரிடமோ ஓர் உணவியல் நிபுணரிடமோ மாதம் ஒருமுறை போய் எடையைச் சொல்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்ல ஓர் ஆள் இருப்பது பலமான விஷயம்.

அப்புறம், சின்ன மாற்றம் சின்னதாகவே நின்றுவிட்டால் பலனும் சின்னதுதான். தேநீரில் அரை ஸ்பூன் சர்க்கரையைக் குறைத்ததால் 6.1 இறங்காது. படிந்த பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்க வேண்டும். சின்னதாகத் தொடங்கச் சொல்வதே, பெரிதாக்கும் நாள் வரை அது உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

சின்னதாகச் செய்யக் கூடாதவை

இந்த இடத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் படிப்படியான மாற்றத்துக்கு உரியவை அல்ல.

முதலாவது சிகரெட். பத்திலிருந்து மூன்று என்றால் ஆபத்தும் பத்தில் மூன்றாகிவிட்டது என்று நம்புகிறீர்கள். புற்றுநோய் விஷயத்தில் எண்ணிக்கை குறைவதற்கு ஓரளவு மதிப்பு உண்டு. இதயம் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. 2018இல் வெளியான, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரையின்படி, நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் புகைப்பவருக்கும், இருபது புகைப்பவருக்கு வரும் கூடுதல் இதய ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்திருக்கிறது. அந்த மூன்றும் போக வேண்டும்.

விடுவதிலும், குறைத்துக் குறைத்து விடுவதைவிட ஒரு தேதி குறித்து மொத்தமாக விடுவது கொஞ்சம் நன்றாகவே வேலை செய்கிறது. சுமார் 700 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வில், ஆறு மாதம் கழித்து புகைக்காமல் இருந்தவர்கள் ஒரேயடியாக விட்டவர்களில் 22 சதவீதம், படிப்படியாகக் குறைத்தவர்களில் 15.5 சதவீதம். இரு தரப்புக்கும் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை போன்ற உதவி கொடுக்கப்பட்டது. நீங்களும் வெறும் கையோடு இறங்காமல் மருத்துவரிடம் அதைக் கேளுங்கள். விட்ட முதல் வருடத்தில் சராசரியாக நான்கைந்து கிலோ ஏறலாம். அதைக் கண்டு பயந்து திரும்பப் பற்றவைக்க வேண்டாம். அந்தச் சில மாதங்களில் எடை ஏறாமல் நின்றாலே நான் அதை வெற்றி என்று சொல்வேன்.

இரண்டாவது மாத்திரை. 126/80 என்பது மாத்திரை காட்டிய எண். அதை வைத்து மாத்திரை தேவையில்லை என்று முடிவுகட்டுவது, கண்ணாடி போட்டதும் எழுத்து தெரிகிறது, இனி கண்ணாடி எதற்கு என்று கழற்றி வைப்பது போலத்தான். ‘ஆரம்பித்தால் ஆயுள் முழுக்க, கிட்னி போய்விடும்’ என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத ரத்த அழுத்தம். மாத்திரை தொடங்கியதும் மருத்துவர் ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது வழக்கம், அதைத் தவறவிடாமல் இருந்தால் போதும். மேல் அளவு 5 புள்ளி குறைந்தாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய ஆபத்துகள் சுமார் 10 சதவீதம் குறைகின்றன.

மாத்திரை இல்லாமல் முடியுமா என்றால், பிற்பாடு முடியலாம். ஒரு கிலோ எடைக்குத் தோராயமாக ஒரு புள்ளி அழுத்தம் இறங்குகிறது. உப்பை நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், வைத்தால் இன்னும் கொஞ்சம். இவற்றால் மருந்தின் அளவு குறைந்தவர்களும், சிலர் விஷயத்தில் முழுவதும் நின்றுபோனவர்களும் உண்டு. ஆனால் வரிசை முக்கியம். முதலில் எடை இறங்கட்டும், அழுத்தம் இறங்குவதை அளந்து பார்ப்போம், அப்புறம் மருத்துவரோடு பேசி மருந்தைக் குறைப்போம். எந்த மருந்தையும் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. “ஏன் இது, எத்தனை நாள், என்ன ஆனால் குறைப்பீர்கள்?” என்று நேராகக் கேட்கவும் உரிமை உண்டு. சொல்லாமல் நிறுத்துவதில் மட்டும்தான் எனக்கு உடன்பாடில்லை. சில வகை ரத்த அழுத்த மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறவும் செய்யும்.

மூச்சு வாங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடல் உழைப்பு இல்லாததால்கூட இருக்கலாம். ஆனால் புகை, அழுத்தம், சர்க்கரை, அப்பாவின் கதை எல்லாம் சேர்ந்திருக்கும்போது அதை ஊகத்துக்கு விட மாட்டேன். நடையை வேகப்படுத்துவதற்கு முன் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் இந்தக் கட்டுரையெல்லாம் ஓரமாக இருக்கட்டும், உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

தொடக்கம் ஒன்றே ஒன்று

மருத்துவரைப் பார்த்தாயிற்று, மாத்திரை தொடர்கிறது, சிகரெட்டுக்குத் தேதி குறித்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் இந்த மாதத்துக்கு ஒரே ஒரு புதிய பழக்கம் போதும். எது என்று கேட்டால் என் தேர்வு, இரவு உணவுக்குப் பின் பத்து நிமிட நடை.

காரணம் சொல்கிறேன். சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை, நடக்கும் தசை உடனே எடுத்துச் செலவழிக்கிறது. நியூசிலாந்தில் சர்க்கரை நோயாளிகளை வைத்துப் பார்த்தபோது, ஏதோ ஒரு நேரத்தில் மொத்தமாக 30 நிமிடம் நடந்ததைவிட ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பிறகுதான் வித்தியாசம் மிக அதிகம். பத்துப் பத்து நிமிடமாக நடந்தால் கணக்கில் சேருமா என்ற சந்தேகமும் வேண்டாம். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020இல் எடுத்துவிட்டது. துண்டு துண்டாகச் சேர்ந்தாலும் வாரம் 150 நிமிடம் என்பது 150தான்.

‘தினமும் நடப்பேன்’ என்று எழுதி வைக்காதீர்கள். ‘சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும் செருப்பைப் போடுவேன்’ என்று எழுதுங்கள். தட்டு தினமும் வருகிறது, அது ஞாபகப்படுத்தும். கூடவே மோசமான நாளுக்கு ஓர் அளவு வேண்டும். கணக்கு முடிக்கிற மாதம், இரவு பத்தரைக்கு வீடு, தலைவலி. அன்றைக்கு என்ன முடியும்? வாசல் வரை போய்த் திரும்பி வர இரண்டு நிமிடம். அதுவும் நடந்ததாகவே கணக்கு. இரண்டு நிமிடத்தால் சர்க்கரை குறையாது, எனக்கும் தெரியும். ஆனால் முடிச்சு அவிழாமல் இருக்கும். நல்ல நாளில் இருபது நிமிடம் நடங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. ஒரு நாள் அடியோடு விட்டுப்போனால் மறுநாள் பழைய பத்து நிமிடம்தான். ஈடுகட்டுகிறேன் என்று நாற்பது நிமிடம் நடக்கக் கூடாது. உங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஈடுகட்டும் புத்திதான் எதிரி.

இது யோசிக்காமல் நடக்க ஆரம்பித்த பிறகு தேநீருக்கு வாருங்கள். நாளுக்கு ஐந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் சுமார் 40 கிராம் சர்க்கரை. நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரண்டை ஒன்றரையாக்கி மூன்று வாரம், அப்புறம் ஒன்றாக்கி மூன்று வாரம். நாக்கு தன்னைச் சரிசெய்துகொள்ளும். பழைய இனிப்பு ஒரு கட்டத்தில் உங்களுக்கே திகட்டும். மாலை நான்கு மணிக்கு மேல் தேநீர் வேண்டாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், கஃபீனில் பாதி உடம்பை விட்டு வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. தூக்கத்துக்கு இப்போதைக்கு ஒன்றே ஒன்று: போனை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள்.

இரவுப் பட்டினி, காலை 5 மணி எல்லாம் வேண்டாம். தட்டில் பாதி காய்கறி வருகிற மாதிரி பார்த்துக்கொள்வதற்கும், தசைக்கு வாரம் இரண்டு நாள் வேலை கொடுப்பதற்கும் ஆறு மாதம் கழித்து நேரம் வரும்.

வீட்டில்

உங்கள் மனைவி நான்கு முறை அறிவிப்பைக் கேட்டிருக்கிறார், நான்கு முறை சமையலை மாற்றியிருக்கிறார், நான்கு முறை அது வீணாயிற்று. அந்தச் சிரிப்பில் களைப்பும் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த முறை எதையும் அறிவிக்காதீர்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து, கூட வருகிறீர்களா என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். வராவிட்டால் பரவாயில்லை.

அளப்பது எப்போது?

எச்பிஏ1சியை மூன்று மாதத்துக்கு முன் பார்க்க வேண்டாம். சர்க்கரை ஒட்டிக்கொள்ளும் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். மூன்று வாரத்தில் எடுத்துப் பார்த்தால் பழைய மாதங்களின் கதைதான் வரும், நீங்களும் மனம் விட்டுப்போவீர்கள். எடையை வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் பாருங்கள். தண்ணீர், உப்பு காரணமாக நாளுக்கு ஒரு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம்.

கடைசியாக அந்தக் கைக்கடிகாரம். பத்தாயிரம் அடி என்ற இலக்கு, 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. ஆராய்ச்சியில் பிறந்த எண் இல்லை. வயதான பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே 2,700 அடி நடந்தவர்களைவிட மரண ஆபத்து குறைவாக இருந்தது, 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. பத்தாயிரம் எட்டாத நாளில் தோற்றுவிட்டதாக நினைக்கிற ஆள் நீங்கள், அதனால் இப்போது வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வாங்குங்கள். மேல்கையில் சுற்றுகிற வகை, உங்கள் கையின் சுற்றளவுக்குப் பொருந்தும் பட்டையோடு. புகை, தேநீர் எதுவும் இல்லாமல் அரை மணி, முதுகு சாய்த்து அமைதியாக ஐந்து நிமிடம், பிறகு ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். ஏழு நாள் காலையும் மாலையும் இப்படிக் குறித்து, முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியை எடுங்கள். வீட்டில் 135/85க்கு மேல் என்றால் அது உயர் ரத்த அழுத்தம். மாத்திரையை விட்டு இத்தனை மாதம் ஆகிவிட்டதால் கருவிக்காகக் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே மருத்துவரிடம் போய்விடுங்கள். குறித்த தாளை அடுத்த முறை போகும்போது கொண்டுபோகலாம்.